சூடு தாங்காத எச்சரிக்கைக் கருவி

கொழும்பு
ஆவணி 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி? கல்குடா முகாம் கொட்டிலுக்குள் வெக்கை தாங்க முடிகிறதா? நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

கடல் பொங்கினால் கரைக்குச் சொல்லும் வானொலிக் கருவியைத்தான் இங்கே செய்கிறோம். அதில் அலையைப் பெருக்கும் மின்சுற்றுப் பலகையை வரைந்தவள் நான். சிறு சோதனையில் தேறியதை நேற்று நிறுத்தாமல் ஓடவிட்டேன். பலகையில் இருந்த டிரான்சிஸ்டர் கொதித்துப் புகைந்து, சத்தம் அடங்கிவிட்டது. விரல் நுனி லேசாகச் சுட்டது, அவ்வளவுதான்.

ஆனால் பயந்துபோனேன். என்னோடு வேலை செய்யும் ஏறாவூர் மின்ஹாஜ், "ஏன் பயப்புடுறீங்க? இஞ்சதானே எரிஞ்சது" என்றார்.

"கல்குடாவில எரிஞ்சிருந்தா?" என்றேன். அவர் உடனே எழுந்துவிட்டார். அங்கே ஒன்றைப் பொருத்தியவரே அவர்தான்.

இருவரும் மேலாளரிடம் போனோம். டிரான்சிஸ்டருக்கு அடியில் செம்புப் படலத்தை அகலமாக்கி, நிறையத் துளைகளிட்டு, சூட்டைப் பின்பக்க அலுமினியத் தகட்டுக்கு இறக்க வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். கல்குடாவில் உள்ள பழையதைக் கழற்ற மின்ஹாஜ் இன்று அங்கே வருகிறார். இக்கடிதமும் அவர் கையில்தான்.

உங்கள் பழைய சேலை ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள், நான் போர்த்திக்கொள்ள.

அவர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார். அம்மா, புதியது வரும்வரை எந்தச் சத்தத்துக்கும் காத்திருக்க வேண்டாம். கடல் உள்வாங்கினால் தம்பியை இழுத்துக்கொண்டு ஓடுங்கள். போன மார்கழியில் அப்பா நின்றதைப் போல நின்று பார்க்காதீர்கள்.

உங்கள் மகள்,
தக்ஷாயினி