கோடு கரைந்த மூலை

அன்புள்ள பாய்,

இன்று காலை தூறல் போட்டது. உப்பள மண் நனைந்தால் எழும் அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததுமே உங்கள் குரலும் கூடவே வந்துவிட்டது. "இன்னா சார், மழை வருது. கோடு எங்க இருக்குதுன்னு போய்ப் பாத்துக்குங்க." இரண்டு வருடமாகத் தூறும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் என்னைச் சீண்டினீர்கள். உங்கள் நினைவாக இன்று மாலை கால்பந்தாட்டம் நடந்தது. அங்கே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இரண்டு ஊரும் என்மேல் கோபமாக இருக்கிறது. உங்களிடம் மட்டுமாவது விளக்கிச் சொல்ல வேண்டும்.

நான் பயந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நில அளவையராக இருந்த காலத்தில், வரப்பில் இருவர் சண்டை பிடித்தால் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவேன். கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன். அப்படிப்பட்டவனை 2004 இறுதி ஆட்டத்தில் கோட்டு நடுவராகக் கொடி பிடிக்க நிறுத்தியது நீங்கள்தான். மரக்காணமும் கூனிமேடும் கோப்பைக்காக நேருக்கு நேர் நின்ற முதல் ஆட்டம். உங்கள் கூனிமேடு அணி இறுதிக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. நான் மரக்காணத்துக்காரன் என்று உங்கள் பையன்கள் முறைத்தார்கள். "டேய், சாரு ரூல் புக்கைப் படிச்ச மனுஷன். தப்பா பாப்பாரு, பொய் சொல்ல மாட்டாரு" என்றீர்கள். அது பாராட்டுதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று காலை முளை அடித்து, கயிறு கட்டி, கோடு போட்டவன் நான். சுண்ணாம்பு பாதியில் தீர்ந்துவிட்டது. பக்கத்துப் பாத்தி ஓரம் ஒதுக்கிக் கிடந்த அழுக்கு உப்பை அள்ளிவந்து மீதியை முடித்தோம். வெயிலில் சுண்ணாம்பைவிட வெள்ளையாக மின்னியது. மழை வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், மரக்காணம் ஒரு கோல் முன்னால் இருந்தபோது, உங்கள் அக்கா மகன் ரஃபீக் மூலைவரை பந்தை ஓட்டிவந்து நடுவே தூக்கிப் போட்டான். இன்னொருவன் தலையால் முட்டினான். வலை குலுங்கியது. ஆனால் ரஃபீக் உதைப்பதற்கு முன்பே பந்து முழுவதுமாக எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. நான் கொடியைத் தூக்கியிருந்தேன்.

கீழே பார்த்தால் கோட்டைக் காணோம். உப்பு கரைந்து, வெறும் சேறு.

"கோடே இல்லாத இடத்துல பந்து எப்படிய்யா வெளிய போவும்?" என்று யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த நடுவர், "பாத்தீங்களா?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றேன். கொடியை இறக்கவில்லை.

நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். "கோடு எங்க சார்?" காலால் காட்டினேன். கைலியைச் செருகிக்கொண்டு குந்தி, மண்ணில் விரலை ஒற்றி நாக்கில் வைத்தீர்கள். "கரிக்குது" என்றதும் கூட்டம் அடங்கியது. நான் கொஞ்சம் தைரியம் பெற்றேன். நீங்கள் வெளியே ஒரு முழம் நகர்ந்து தொட்டு வைத்தீர்கள். அங்கும் கரித்தது. உள்ளே வந்து பார்த்தீர்கள். அங்கும் அப்படியே. த்தூ என்று துப்பிவிட்டு எழுந்தீர்கள். "அட போங்கப்பா! இந்த ஊருல எங்க நக்கினாலும் உப்புதான்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. காலரைப் பிடித்த கை தளர்ந்தது. கோப்பை மரக்காணத்துக்குப் போனது. தோளில் கை போட்டு என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டீர்கள். வழியெல்லாம் ஒரே பேச்சு. "அது கோல்தான் சார்." "இல்லை பாய்." "கோலு." "வெளியே."

அதன்பிறகு டீக்கடையில் நாம் வேறென்ன பேசினோம்? அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த பிறகு, முகாமில் சோறு போட்டுக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்து, "கடலுக்கும் கோடு தெரியல சார். கொடி தூக்குங்க" என்றீர்கள். சிரிக்கத் தொடங்கி இருவரும் அழுதோம். கடைசியாக ஆஸ்பத்திரியில், "ஒத்துக்குங்க சார், நிம்மதியா போறேன்" என்று கேட்டீர்கள். "மாட்டேன்" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "அப்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கணும்."

போன வாரம் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து வந்தார்கள். "பாய்க்காக ஒரே வார்த்தை சார். அது கோலுன்னு மைக்குல சொல்லிடுங்க. கப்பையா கேக்குறோம்?" எல்லாருக்கும் எப்போதும் தலையாட்டுகிறவன்தானே நான் என்று நம்பி வந்தவர்கள். அன்று வழக்கம்போல் தலையாட்டிவிட்டேன். பிறகு ஒரு வாரமும் யோசித்தேன், பாய். என் கண்ணை நீங்கள் ஒருநாளும் நம்பவில்லை. என் வார்த்தையை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. பொய் சொல்ல மாட்டார் என்று உங்கள் பையன்கள் முன்னால் சொன்னவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் பெயராலேயே நான் பொய் சொல்வதா?

மைக்கைப் பிடித்தேன். "பந்து வெளியேதான் போனது. பாய் கடைசிவரை கோல் என்றார். நான் கடைசிவரை இல்லை என்றேன். இன்றும் இல்லை என்கிறேன்." விசில் பறந்தது. "எறங்குய்யா கெழவா!" என்று யாரோ கத்தினார்கள். நான் இறங்கவில்லை. உங்களைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ரஃபீக் நேராக என்னை நோக்கி வந்தான். அடிப்பான் என்றே நினைத்தேன். "எங்க மாமா சொன்னாப்லயே கீறீங்க சார்" என்றான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆனா அது கோலுதான். நான்தான பந்தை அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

"வெளியே, ரஃபீக்."

"நாளைக்கு டீக்கடைக்கு வாங்க, பேசிக்கலாம்."

எல்லோரும் போன பிறகு அந்த மூலைக்குப் போய்க் குனிந்து, விரலால் மண்ணை ஒற்றி நாக்கில் வைத்தேன். கரித்தது. தள்ளிப்போய் வைத்தேன். அங்கும் கரித்தது. இருக்கட்டும்.

வெளியேதான் போனது, பாய்.