பூஜ்யத்தில் ஒரு பிள்ளையார் சுழி

இன்று காலை திருமுடிவாக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், ஷெட்டை நீட்ட வேண்டும் என்று பழைய வரைபடக் கோப்பை அனுப்பியிருந்தார். கணினியில் திறந்தேன். இடது கீழ் மூலையில் கடுகளவு ஒரு பிள்ளையார் சுழி. உன்னுடையதடி அது! நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன், அப்புறம் சிரித்தேன்.

தாம்பரத்துக் கட்டட வரைபட அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். எந்தப் படமானாலும் மனையின் கன்னிமூலைக் கல்லைத்தான் பூஜ்யமாக வைப்போம். எல்லா அளவும் அங்கிருந்துதான் தொடங்கும்; அந்தப் பூஜ்யத்திலிருந்து கணினி காட்டும் தூரத்தை வைத்துத்தான் சைட்டிலும் கோடு போடுவார்கள். நீ மட்டும் அந்தப் பூஜ்யத்தில் முதலில் ஒரு சுழி போடுவாய், அச்சில் வராதபடி. "பக்தி முத்திப்போச்சுடி உனக்கு" என்று கேலி செய்வேன்.

வண்டலூர் வீட்டு வேலை நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, குழி தோண்ட இயந்திரமும் வந்து நிற்கிறது. சைட்டிலிருந்து போன்: "கடைசி வரிசைத் தூண் பக்கத்து மனைக்குள்ள போகுது!" படம் நீ வரைந்தது. நம் முதலாளி சார் கத்தினார்: "சுழி போடுற நேரத்துல அளவைப் பார்த்திருக்கலாம்ல? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

நீ சுழியின்மேல் ஒரு க்ளிக் செய்தாய். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 2000 மில்லிமீட்டர் என்று காட்டியது.

"மொத்தப் படமும் கிழக்கே ரெண்டு மீட்டர் நகர்ந்திருக்கு சார். அளவெல்லாம் சரிதான்."

நகர்த்தியவள் நான். தாளின் நடுவில் அழகாக உட்காரவில்லையே என்று, பிரிண்ட் எடுக்கும்போது படத்தையே இழுத்துவிட்டிருந்தேன். "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்குள் நீ சுழியைப் பிடித்து, படம் மொத்தத்தையும் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிட்டாய். சார் புதுப் பிரிண்ட்டைச் சைட்டுக்கு அனுப்பச் சொன்னார். டீ குடிக்கும்போது சொன்னாய்: "இனிமே தாளை நகர்த்துடி, மனையை நகர்த்தாத."

அன்றிலிருந்து சுழி போடாமல் நான் ஒரு கோடும் இழுத்ததில்லை.

இன்றைக்கும் உன் சுழியின்மேல் க்ளிக் செய்து பார்த்தேன். கிழக்கே பூஜ்யம், வடக்கே பூஜ்யம். எத்தனை கை மாறிய கோப்போ! 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு எவரோ தன் பெயரைப் போட்டிருக்கிறார். ஆத்திரமாக வந்தது. ஆனால் பார், பெயரை அழித்த மனிதருக்கும் பிள்ளையார் சுழியை அழிக்கக் கை வரவில்லை.

பட்டறைக்காரர் போனில் கேட்டார்: "பழைய படமாச்சே மேடம், நம்பலாமா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க சார். என் சிநேகிதி வரைஞ்சது."