என் தலையில் அடித்த சத்தியம்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. டியூட்டிக்குப் போகும் சாத்தம் ஃபெர்ரி அரை மணி நேரம் லேட்.

மத்திய அந்தமான் ரங்கத்திலிருந்து அக்கா வந்துவிட்டாள். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு மூன்றாம் முறை. முன் இரண்டு தடவையும் பிரஷர் அதிகம் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். காட்டுச் சாலையில் போலீஸ் கான்வாய்க்குக் காத்துக் கிடந்து வந்தவள், அப்படியே பஸ் ஏறிப் போனாள். பாவம்.

வாங்க வேண்டியது: நைட்டி, பிரெட், கொசுவத்தி.

மூன்று முறை சொல்லியாயிற்று. நாளை காலை அவள் போடும் பிரஷர் மாத்திரை கூடாது, மயக்க மருந்தோடு சேர்ந்தால் பிரஷர் விழும். "சரிடீ, எத்தன வாட்டி சொல்லுவ."

ஜூன் 10, செவ்வாய்

நான் முதல் ஃபெர்ரி. என் வீட்டுக்காரர் அக்காவைப் பின்னால் அழைத்து வந்தார். தியேட்டர் வாசலில் கேட்டேன். "போடலடீ, உன் தலைமேல சத்தியம்." என் தலையில் கையும் வைத்தாள்.

பிரஷர் 130/80. எனக்கு ஒரே சந்தோஷம். 'காலை மாத்திரை: இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாத்திரை இல்லாமல் 130 எப்படி என்று யோசித்திருக்க வேண்டும். பத்து வருடமாக மயக்க மருந்து டெக்னீஷியன். அக்காவாயிற்றே, யோசிக்கவில்லை.

மயக்க மருந்து போய் இரண்டு நிமிடம். 90. பிறகு 60.

"பி.பி. கித்னா?" எவ்வளவு என்று கேட்டார் டாக்டர்.

"சாட், சார்." அறுபது.

சலைன், ஊசி, மறுபடி ஊசி. பிடிக்கவே இல்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் ஏறியது. ஆபரேஷன் முடிந்தது. உயிரோடு இருக்கிறாள்.

டாக்டர் திட்டவில்லை. என் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "தும்ஹாரி தீதி ஹை நா?" உன் அக்காதானே. திட்டியிருக்கலாம்.

ஜூன் 11, புதன்

வெயில். அக்கா கஞ்சி குடித்தாள்.

"ரெண்டு போட்டேன்டீ. இன்னொரு வாட்டி திருப்பி அனுப்புனா நான் வரவே மாட்டேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட சொல்லிருவ."

சொல்லியிருப்பேன். அதுதானே என் வேலை. செத்துப்போயிருந்தால் என் கையெழுத்தில் செத்திருப்பாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபம் ஆறவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன்.

சாயந்திரம் வீடு. வீட்டுக்காரர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமாவது கொட்டித் தீர்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"அக்கா நேத்து ரெண்டு மாத்திர போட்டிருக்கா."

"ரெண்டா?" என்றார், தலை நிமிராமல். "நான் ஒண்ணுதான குடுத்தேன்."