உச்சிக் கிளைப் பழங்கள்

அம்மாவுக்கு யோன்சூ வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? சியோலில் குளிர் தொடங்கிவிட்டது. நான் சுகம்தான்.

இந்தப் பேராசிரியரோடு மல்லுக்கட்டி மாளவில்லை. வகுப்பில் படிக்கும் நாவலில், கணவனை இழந்த ஒருத்தி பெர்சிமன் மரத்தின் உச்சிப் பழங்களைப் பறிக்காமல் விடுகிறாள். அது தனிமையின் குறியீடாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குறியீடும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அது வால்காக்கைக்கு விடுற பழம். எங்க ஊர்ல எல்லா வீட்லயும் விடுவாங்க."

"எத்தனை விடுவாங்க?"

"மூணு, நாலு."

"இவ மேல்கிளை மொத்தத்தையும் விட்டிருக்காளே. புத்தகத்தைப் படிச்சியா, இல்லையா?"

வகுப்பே சிரித்தது. எரிச்சலோடு விடுதிக்கு வந்து, போன வாரம் நீங்கள் அனுப்பிய நம் வீட்டுப் படத்தைப் பார்த்தேன். அப்பா இருந்தவரை நம் மரத்தில் மூன்று பழம்தான் மிஞ்சும். இப்போது மேல்பாதி முழுக்கச் சிவந்து கிடக்கிறது.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் மிளகாய் விழுதும் அனுப்புங்கள். இல்லை, அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன். அதுவரை ஏணியைத் தொடாதீர்கள்.

பேருந்துச் சீட்டு வாங்க ஓடுகிறேன். அந்த மனுஷன் சொன்னது சரி என்று மட்டும் அவரிடம் சொல்லவே மாட்டேன்.

யோன்சூ