கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரித்துவிட்டுப் போன மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் உப்பியிருக்கிறது, அதனால் நலமாகத்தான் இருப்பாய், தனியாகக் கேட்கவில்லை. இங்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவின் முழங்கால் வலியும் என் ரத்த அழுத்தமும் நீ பார்த்துவிட்டுப் போன அளவிலேயே இருக்கின்றன. ஆனால் உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது, உட்கார்ந்து படி.

லீவில் வந்தவள் சாப்பிட்டோமா தூங்கினோமா என்று இருந்திருக்கலாம். முன் அறைக் கம்ப்யூட்டருக்காக நானும் உன் அப்பாவும் கத்திக்கொண்டது உனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அதில் எம்பிராய்டரி டிசைன் போட வேண்டும், அவருக்கு வீட்டு பிளான் வரைய வேண்டும். அவர் தன் வசதிக்கு எதையாவது மாற்றுவார், உடனே என் எம்பிராய்டரி மெஷின் முறுக்கிக்கொண்டு நிற்கும், நான் வீடு இடிந்து விழுகிற மாதிரி கத்துவேன். அதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியம், ஒரே பெட்டிக்குள் பழைய விண்டோஸ் எனக்கு, லினக்ஸ் என்று புதிதாக இன்னொன்று அவருக்கு என்று பாகம் பிரித்தது. ஆன் செய்தால் கருப்புத் திரையில் இரண்டு வரி வரும், அவரவர் வரியை அவரவர் அழுத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். "இனிமே சண்டையே வராது பாருங்க" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தாய். சொத்துப் பிரிக்கிற வக்கீல்கூட இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பேசுவார். நீ என்னை அடுக்களையில் பிடித்து, "வேலை பாதியில நின்னா மூட வேணாம்மா, அப்படியே தூங்க வச்சிடு, மறுபடி ஆன் பண்ணா விட்ட இடத்துலயே நிக்கும்" என்றாய். அவரை முன் அறையில் வைத்து, அம்மா பக்கத்தில் கிடக்கிற உங்கள் பழைய பிளான்களை உங்கள் பக்கத்திலிருந்தே திறக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தாய். இந்தப் பக்கம் தூங்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து கை வைக்கக் கூடாது என்பதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. படித்துப் பட்டம் வாங்கியவள் நீ.

என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது, உன் அப்பா சொல்லியிருக்க மாட்டார். ஒரு பள்ளிக்கூடத்தின் பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சட்டை முத்திரை போட ஆர்டர் வந்தது. ஒரு எக்காளம், அதைச் சுற்றி இரண்டு இறகு. இறகில் ஒவ்வொரு தையலும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டேன். முடிகிற நேரத்தில் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து, நீ சொன்னபடி தூங்க வைத்துவிட்டு உள்ளே போனேன். உன் அப்பா வந்து தன் பக்கத்தைத் திறந்தார். என் பக்கத்தில் கிடக்கிற பழைய பிளான் ஒன்று வேண்டியிருந்ததாம். அந்தப் பக்கம் இன்னும் சரியாக மூடவில்லை, திறக்க முடியாது என்று கம்ப்யூட்டரே சொல்லியிருக்கிறது. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? "என்னம்மா, மூடலையா?" என்று அடுக்களையைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்கள். அவர் கடல் தாண்டி உனக்கு மெசேஜ் அனுப்பினார். நீயும் அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், இதைத் தட்டுங்கள் திறந்துவிடும் என்று ஒரு வரியை அனுப்பினாய். அவர் தட்டினார். அது திறந்துகொண்டது. தூங்க வைத்திருந்த என் வேலை அத்தனையும் துடைத்த மாதிரி போய்விட்டது. நான் வந்து திறந்தபோது இறகும் இல்லை, எக்காளமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஆர்டர் போனது வயிற்றெரிச்சல்தான், ஆனால் கோபம் அதற்காக மட்டும் இல்லை. நீ பிரித்து வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் பேச்சே இல்லை. முன்னால் அவர் எதையாவது மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டார், நான் திட்டுவேன், அவர் பதிலுக்கு என் அப்பா வீட்டையே இழுப்பார், நான் தட்டை டங்கென்று வைப்பேன், பிறகு அவரே குழம்பில் உப்பு இல்லை என்பார். எங்களுக்குள் இருந்தது அந்தப் பேச்சுதான். எங்களுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது, இனிமேல் பழகவும் வயது இல்லை. உன் ஏற்பாட்டுக்குப் பிறகு அவர் வருவார், தன் வரியை அழுத்துவார், வேலை முடிந்ததும் போய்ப் படுப்பார். முதலில் எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அப்புறம் ஒரு நாள் மெஷின் ஓடாத நேரத்தில் அவர் பக்கத்து அறையில் தண்ணீர் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது, எனக்குப் பகீரென்றது. நீ எங்கள் சண்டையைத் தீர்க்க வரவில்லை, அது உன் காதில் விழாமல் இருக்க வழி பண்ணிவிட்டுப் போனாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டேன். வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரே வீட்டுல இருந்துட்டு ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா" என்று சிரித்தான், எனக்கு அவமானத்தில் முகம் சுண்டிப்போனது. உன் அப்பாவின் பிளான்களை எல்லாம் முதலில் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னேன், நான் அவரைப் போலவா. பிறகு லினக்ஸை அழிக்கச் சொல்லிவிட்டேன். இப்போது பழையபடி ஒரே கம்ப்யூட்டர், ஒரே வாசல். வெளியே போயிருந்த அவர் வந்து பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு அழிச்சே?" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தினார். "உங்க பொண்ணு யாரைக் கேட்டுப் பிரிச்சா?" என்று நானும் விடவில்லை. கேட்டு எத்தனை நாளாயிற்று அந்தக் குரலை. இப்போது முன் அறையில் எழுந்திருக்க மாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இதைக் கையால் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் அப்பா இனி எதைக் கேட்டு மெசேஜ் அனுப்பினாலும் பதில் தெரிந்தாலும் சொல்லாதே. அம்மா அடுக்களையில்தான் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள் என்று எழுது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா