மடக்கு முனைக்கு வைத்த கிரீஸ்

என் அன்புக்குரிய இராசண்ணை,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் இருக்கிறேன். அபுதாபி முசஃபாவில் அதே ஒர்க்‌ஷாப், அதே லேத், அதே இடுப்பு வலி. இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ரூமில் எல்லோரும் குறட்டை விடுகிறார்கள். எனக்கு அசதி இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

உங்கள் மனைவி எழுதிய கடிதம் வந்து எட்டு மாதமாகிறது. அக்காவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். "தம்பி, அவர் வேலையிலை என்ன பிழை விட்டவர் எண்டு உமக்குத் தெரியுமோ? கடைசி வரைக்கும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. எவ்வளவு கவனமான மனுசன். ஏன் அப்பாவை அனுப்பினவங்கள் எண்டு பிள்ளையள் கேக்கினம்." அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு பெட்டிக்குள் வைத்தேன். இப்போது மறுபடியும் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

என்ன பிழை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாமல் மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன். நடந்ததை முதலிலிருந்தே எழுதுகிறேன். தெரிந்த கதையைத் திருப்பிச் சொல்கிறானே என்று கோபிக்காதீர்கள். இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும்.

அர்பாப் என்று நாம் கூப்பிடும் நம் முதலாளி, அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து அப்பாவின் ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற மனிதர். துப்பாக்கி வைத்திருக்கிற அரபியைப் பார்த்திருக்கிறோம், கையில் ராஜாளி வைத்திருக்கிற அரபியைப் பார்த்திருக்கிறோம். வில் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். இரண்டு முனையிலும் கப்பி வைத்த அந்த வில்லை முதல்முதலாகப் பார்த்தபோது, "இது வில்லோ, கிணத்துக் கப்பியோ?" என்று என் காதில் சொன்னீர்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இங்கே வேட்டைக்குத் தடை. அதனால் கூட்டாளிகளோடு வருஷம் ஒருமுறை ஆப்பிரிக்காவுக்குப் போவார். அந்த வருஷம் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது இரண்டு அம்புமுனைகளைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தார். ஒன்றில் மூன்று அலகுகள் அசையாமல் பொருத்தியிருந்தன. இன்னொன்றில் இரண்டு அலகுகள் மடக்குக் கத்தி மாதிரி உடம்போடு ஒட்டிப் படுத்திருந்தன. பறக்கும்போது மடங்கியே இருக்கும், மிருகத்தில் பட்டதும் விரியும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்க நேரமில்லை. "இரண்டில் எது நல்லது? நல்லதை ஒரு டஜன் செய்து கொடுங்கள்" என்றார்.

நீங்கள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கூர் பிடிக்கிற வேலையும், வெளியே போகிற சாமானைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையும் உங்களுடையது. அசையாத முனைதான் நல்லது என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர் போனபிறகு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, அசையிற சாமான் எண்டால் எப்பவோ ஒருநாள் கரைச்சல் குடுக்கும். உயிர் போற விசயத்திலை அது சரிவராது. சாகிற மிருகம் துடிக்காமல் கெதியாச் சாகோணும்."

"அட என்னங்ண்ணா, மடக்குல எவ்வளவு பெரிய வெட்டு விழுகுது பாருங்க. நேராவும் போகுமுங்க" என்றேன் நான்.

சொன்னது பொய் இல்லை. அசையாத அலகு காற்றைப் பிடிக்கும், வில் கொஞ்சம் பிசகினாலும் அம்பு விலகும். மடக்கு முனையோ சாதாரணப் பயிற்சி முனை மாதிரி நேராகப் பறக்கும். ஆனால் நான் மடக்குப் பக்கம் பேசியதற்கு உண்மையான காரணம் வேறு. அந்த மூட்டில் தீக்குச்சியைவிட மெல்லிய ஆணி ஒன்று இருந்தது. அதை லேத்தில் கடைந்து அர்பாபிடம் காட்ட வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. நாலு பேர் முன்னால் அவர் தோளில் தட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் பின்புறம் சோதனை நடந்தது. ஈரச் சாக்கை அட்டைப்பெட்டியில் திணித்து, கறிக்கடையில் வாங்கிய ஆட்டுத் தோள் எலும்பை அதற்கு முன்னால் கட்டினோம். வேலையில்லாத நாளில் வேடிக்கைக்குக் கேட்கவா வேண்டும், சுற்றியுள்ள கேரேஜ்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அசையாத முனை ஒரு சாண் விலகிப் போய்க் குத்தியது. "வில்லைக் கொஞ்சம் சரிக்கட்டினால் நேராகப் போகும்" என்று அவரிடம் சொன்னீர்கள். அர்பாபுக்கு அதற்குப் பொறுமை இல்லை. மடக்குதான் நல்லது சார் என்று நான் குதித்தேன். அடுத்து மடக்கு முனை. நேராகப் போய், விரிந்து, சாக்கில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்தது. "யல்லா! இதுதான்!" என்று கத்தினார். என் தோளில் தட்டினார்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் போய் எலும்பைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். அசையாத முனை எலும்பின் ஓரத்தைத் துளைத்துப் போயிருந்தது. மடக்கு முனையில் ஓர் அலகு எலும்பில் உரசி வளைந்திருந்தது. என்னிடம் நீட்டினீர்கள். நான் பார்க்காதவன் மாதிரி அர்பாபின் வில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்காக நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. "சரி, அவருக்கு மடக்குத்தான் பிடிச்சிருக்கு. செய்வம். ஆனால் ஒண்டு, மூட்டிலை எண்ணெய், கிரீஸ் ஒண்டும் வையாதையும். தூசி பிடிச்சுதெண்டால் விரியாது. அப்பிடியே காய்ஞ்சபடி போகட்டும்" என்றீர்கள்.

"சரிங்ண்ணா" என்றேன்.

முசஃபாவின் ஆகஸ்ட் மாதம் உங்களுக்குத் தெரியாததா? கடல் ஈரம் சுவரில் வழியும். சாணை பிடித்த இரும்பை ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் சிவந்து கிடக்கும். ஒருமுறை நான் கடைந்த சாமான் சைட்டுக்குப் போய்ச் சேரும்போதே துருப்பிடித்திருந்தது என்று எனக்கு விழுந்த திட்டு கொஞ்சமா? அதற்குப் பிறகு கிரீஸ் பூசாமல் ஒரு ஆணியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. எனக்குக் கிரீஸ்சாமி என்று பட்டம் வைத்ததே நீங்கள்தான்.

நீங்கள் பன்னிரண்டு முனைகளையும் பார்த்து, பெட்டிமேல் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து ஷெட்டுக்குப் போனீர்கள். நான் பெட்டியைத் திறந்தேன். வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு அத்தனையும் வெறுமனே கிடந்தன. கிரீஸ் டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பழக்கதோஷத்தில் கை தானாகப் போயிற்று என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய், அண்ணை. நீங்கள் சொன்னது நன்றாக நினைவில் இருந்தது. துருப்பிடித்தால் என் பேர் கெடும், இவர் எதற்கெடுத்தாலும் பயப்படுவார், லேசாக வைத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்து, இருபத்துநாலு மூட்டிலும் வைத்தேன்.

ஆப்பிரிக்காவில் செம்மண் பாதையில் ஜீப்பின் பின்னால் அந்தப் பெட்டி ஒரு வாரம் குலுங்கியிருக்கிறது. கிரீஸும் புழுதியும் சேர்ந்து மூட்டில் களிமண்ணாக இறுகிவிட்டன. அர்பாப் பிஸ்மில்லா சொல்லி எய்த அம்பு ஒரு பெரிய மானின் தோளுக்குப் பின்னால், சரியான இடத்தில்தான் பாய்ந்தது. அலகு விரியவில்லை. கோணி ஊசி குத்தினதுபோல ஓர் ஓட்டை, அவ்வளவுதான். மான் ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. எங்கேயோ புதருக்குள் கிடந்து எத்தனை நாள் துடித்ததோ? திரும்பி வந்த அர்பாபின் கோபத்தில் நியாயம் இருந்தது. கூட்டாளிகள் முன்னால் தலைகுனிவு என்பது ஒரு பக்கம். அந்த மிருகத்தை நினைத்து அவர் நொந்துபோயிருந்தார்.

பெட்டியை உங்கள் மேசையில் வீசி, "யார் பார்த்து அனுப்பியது?" என்று கேட்டார். நீங்கள் ஒரு முனையை எடுத்து மூட்டைக் கட்டைவிரலால் தேய்த்தீர்கள். முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நான்தான் பார்த்து அனுப்பினேன்" என்று அவரிடம் சொன்னீர்கள்.

அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். நான் நாலடி தள்ளி நின்றேன். அந்த மாதம்தான் என் விசா புதுப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட் அவர் மேசையில் இருந்தது. கையில் இருந்த கழிவுத்துணியால் ஏற்கெனவே துடைத்த கையையே துடைத்துக்கொண்டு நின்றேன். "கலாஸ், முடிந்தது" என்றார் அர்பாப். ஆறாவது நாள் உங்கள் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆறு நாளும் ரூமில் நீங்கள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனீர்கள். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிக் கொடுத்தபோதுதான் வாய் திறந்தீர்கள்.

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்க உங்களுக்கு மனசில்லை, ஆனால் எனக்காகப் பழியைச் சுமக்கவும் நீங்கள் நினைக்கவில்லை. நானாகச் சொல்ல இடம் விட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள், அவ்வளவுதான். அப்போதுகூட டாக்சியைத் திருப்பிக்கொண்டு போய் அர்பாபிடம் சொல்லியிருக்கலாம். நான் ரூமுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

ஊரில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஊரடங்கு என்றும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். இங்கே இருந்திருந்தால் கால்மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. இதை எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்திருப்பேன்? ஒர்க்‌ஷாப்பில் உங்களைப் பார்த்தே இராத புதுப் பையன்கள்கூட, "முன்னாடி ஒரு சிலோன்காரர் பார்க்காம அனுப்பிட்டாராம்ல" என்கிறார்கள். பார்க்காமலா? உங்களையா?

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அர்பாப் என்னைக் கூப்பிட்டார். இடையில் விட்டிருந்த வேட்டைக்கு மறுபடியும் போகிறாராம். மேசையில் மறுபடியும் இரண்டு முனைகள். மடக்கு இப்போது திருத்தமாக வந்திருக்கிறது, மூட்டும் நன்றாக இருக்கிறது. "எது?" என்றார்.

"அசையாததுதான் சார். வில்லை நானே கூட இருந்து சரிக்கட்டித் தருகிறேன்" என்றேன். போன தடவை மடக்கு என்று குதித்தாயே, இப்போது என்ன என்று கேட்டார்.

மூன்று வருஷமாக வாய்க்குள் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் இந்தியும் கலந்து, கிரீஸ் வைத்தது நான் என்றேன். வைக்காதே என்று இராசரத்தினம் சொல்லியும் வைத்தேன், அவர் பார்த்தபோது பெட்டி சுத்தமாக இருந்தது, அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். என்னையும் அனுப்பட்டும் என்று துணிந்துதான் சொன்னேன்.

அர்பாப் முனையை விரல்களில் உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "எந்த இராசரத்தினம்?" என்றார்.

"சிலோன்காரர் சார். கூர் பிடிக்கிறவர். நீங்கள் ஊருக்கு அனுப்பினீர்களே."

முனையை மேசையில் வைத்தார். "மீசைக்காரனா?"

உங்களுக்கு ஏது அண்ணை மீசை? இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். "பழைய கதை. மான் போய்விட்டது, விடு. அசையாததே செய். பன்னிரண்டு." அவ்வளவுதான். நான் லேத்துக்குத் திரும்பி வந்து மெஷினைப் போட்டேன். என்ன கடைந்தேன் என்று தெரியாது.

என்னை அவர் திட்டியிருக்கலாம். பாஸ்போர்ட்டை எடுத்து எறிந்திருக்கலாம். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பாரோ? இரண்டு பேரும் இங்கேயே இருந்திருப்போமோ? யாருக்குப் பயந்து உங்களை அனுப்பிவிட்டு நின்றேனோ, அந்த ஆளுக்கு உங்கள் முகமே நினைவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. களைத்துப்போய்விட்டேன், அண்ணை.

ஒன்று மட்டும் புரிந்தது. நான் சொல்லவேண்டிய இடம் அர்பாபின் அறை இல்லை. அங்கே சொன்னதால் உங்களுக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை. உங்கள் பெயரில் பிழை இருக்கிறதா, இல்லையா என்று இந்த உலகத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது அக்காவும் பிள்ளைகளும்தான். அவர்களுக்கு நான் பதில் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களைத் திரும்பத் திரும்ப ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வழியில்லை. இதை முடித்த கையோடு, பேனாவை மூடாமல், அக்காவுக்கு எழுதுகிறேன். நாளைக் காலை டியூட்டிக்குப் போகும் வழியில் அது தபால்பெட்டியில் விழும். அக்கா என்னைச் சபிக்கலாம், பதிலே போடாமலும் இருக்கலாம். அது அவருடைய உரிமை. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் சுற்றி வளைக்க மாட்டேன். முதல் வரியிலேயே இருக்கும்: "அக்கா, பிழை விட்டது நான்." இது சத்தியம்.

காத்திருக்க வைத்துவிட்ட உங்கள் தம்பி,
பொன்னுச்சாமி