தைலம் தேய்த்த கை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. அதாவது, இப்போது இல்லை.

நான் வேலை பார்க்கும் ஹோமியோபதி மருந்துக் கடையில் பூ, சென்ட் எதுவும் கூடாது. வாசனை பட்டால் மருந்து கெட்டுவிடுமாம். போன மாதம் சூப்பர்வைசர் தலைவலித் தைலம் தேய்த்த கையாலேயே பாட்டில்களைத் திறந்துவிட்டு, பழியை என் மேல் போட்டார். எல்லார் முன்னாலும் டாக்டரம்மா என் தலைமுடியை முகர்ந்து பார்த்தார். நான் போய்ப் பாட்டில்களைத் துடைத்து அடுக்கினேன். இங்கே மருந்தைக் கரைத்துக் கரைத்துக் குலுக்கினால் வீரியம் ஏறும் என்பார்கள். என் கோபமும் அப்படித்தான் ஏறியது.

போன வாரம் அவரே தலைவலிக்கு மருந்து கேட்டு உட்கார்ந்தார். இந்த வைத்தியத்தில் நோயைவிட ஆளைத்தான் விசாரிப்பார்கள். கூட இருப்பவர்களையும் கேட்பார்கள். டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"தைலம் தேய்ச்ச கையோட மருந்து பாட்டிலைத் திறப்பாரும்மா. கேட்டா அடுத்தவங்களைக் கைகாட்டிடுவார்" என்றேன்.

டாக்டரம்மா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை.

நோயைத் தருவது எதுவோ, அதையே துளியாகக் கொடுத்துத் தீர்ப்பதுதான் இங்கே முதல் பாடம். அவர் தந்த அவமானத்தை நானும் துளித்துளியாகக் கொடுக்கிறேன். மருந்து ஏற்றிய சர்க்கரை உருண்டையைக் கையால் தொடக்கூடாது என்பதால், பாட்டில் மூடியில் எடுத்து அவர் நாக்கில் போடுவது என் வேலை.

"வாயை நல்லாத் திறங்க சார்!"

பாப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். அந்த வாசனையைக் கடைக்குக் கொண்டுபோக மாட்டேன். தலையணை மேல்தான் வைப்பேன்.

மணி பதினொன்று, சூப்பர்வைசரின் மருந்து வேளை. அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.